வாயிலிருந்து குடல் வரை: மலையக வீட்டுக்கு ஒரு பக்டீரியா வழிகாட்டி

1970ஆம் ஆண்டு ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் ஆய்வாளரின் குழு இலங்கை மலையகத்தின் டன்சினன், ஹரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது. 14 முதல் 31 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, பல் பல்லாக அளந்து எழுதிக்கொண்டது. பிறகு 1985 வரை பல தடவை திரும்பி வந்து அதே வாய்களை மறுபடியும் அளந்தது. அந்தத் தொழிலாளர்களுக்குப் பல் தேய்க்கும் பழக்கம் இருக்கவில்லை. எல்லோர் பல்லிலும் அழுக்கும் அது கல்லாக இறுகிய காரையும் அப்பியிருந்தன, கிட்டத்தட்ட எல்லா ஈறுகளும் வீங்கியிருந்தன.

முடிவு 1986இல் வெளியானது. ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்கு ஈறு படுவேகமாக அரித்துப்போனது. அவர்களுக்கு 20 வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதில் வாயில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. 81 சதவீதத்தினருக்கு அரிப்பு மெதுவாக நடந்தது. மீதி 11 சதவீதத்தினருக்கு அதே அழுக்கு இருந்தும் ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. இன்னொரு விஷயமும் தெரிந்தது: அந்த வாய்களில் பல் சொத்தை ஏறக்குறைய இல்லவே இல்லை.

உலகம் முழுவதும் பல் மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் இந்தக் கணக்கைப் படிக்கிறார்கள். ஈறு நோயைத் தானாக ஓட விட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் நம் தாத்தாமாரின் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது. தோட்டத்தில் இதைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வருகிறது. சரி, அது வேறு கதை.

இந்த வழிகாட்டிக்கு அதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றுதான். வாயில் கிருமி இருப்பது நோய் அல்ல. அதை எங்கே குவிய விடுகிறோம், எதைத் தின்னக் கொடுக்கிறோம் என்பதுதான் காரியம். அந்த ஆண்களின் ஈறோரத்தில் அழுக்கு குவிந்ததால் ஈறு கெட்டது. சீனி அதிகம் கிடைக்காததால் சொத்தை வராமல் இருந்திருக்கலாம். இன்று அதே தோட்டங்களில் பிரஷ் இல்லாத வீடு இல்லை, சொத்தைப் பல் இல்லாத பிள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது. குடலிலும் இதே நியாயம்தான் ஓடுகிறது. வாயில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்குவோம்.

படி 1: யார் யார் குடியிருக்கிறார்கள்?

1683இல் ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அந்தோனி வான் லேவன்ஹூக், தன் பல்லிடுக்கில் சுரண்டிய வெள்ளை மாவைத் தானே செய்த கண்ணாடி வில்லையின் கீழ் வைத்துப் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டி உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. மனிதன் தன் வாய்க்குள் இருக்கும் பக்டீரியாவைப் பார்த்து எழுதிவைத்த முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று.

மனித வாய்களில் இதுவரை சுமார் 700 இனங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஒருவர் வாயில் அத்தனையும் இருக்காது. பல்லின் மேல் ஒரு கூட்டம், நாக்கின் மேல் வேறொரு கூட்டம், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே காற்றுப் படாத இடுக்கில் இன்னொரு கூட்டம். குடலோடு சேர்த்து உடல் முழுவதையும் எண்ணினால் சுமார் 38 இலட்சம் கோடி என்று 2016இல் ஒரு கணிப்பு வந்தது. நம் உடலின் சொந்தக் கலங்கள் சுமார் 30 இலட்சம் கோடி. ஒரு மனிதக் கலத்துக்குப் பத்துக் கிருமி என்று பழைய புத்தகங்களில் இருக்கும் கணக்கு தப்பு. ஏறக்குறைய சரிக்குச் சரி. அத்தனையையும் தராசில் போட்டாலும் கால் கிலோ தேறாது.

படி 2: ஈறோரத்தில் தேய்க்கப் பழகுங்கள்

பல்லைத் தேய்த்த சில நிமிடங்களிலேயே எச்சிலின் புரதம் ஒரு மெல்லிய பூச்சாகப் பல்லில் ஒட்டும். அதைப் பிடித்துக்கொண்டு முதல் பக்டீரியாக்கள் குடியேறும், அவற்றின் முதுகில் அடுத்தவை ஏறும். நாக்கால் தடவினால் வழவழவென்று தெரிவது அதுதான். விட்டுவைத்தால் எச்சிலின் சுண்ணாம்புச் சத்து படிந்து காரையாக இறுகும். அதன் பிறகு எந்தப் பிரஷுக்கும் அது அசையாது.

மலையகத்துக்கு வருவதற்கு முன், 1965இல், லோவின் குழு டென்மார்க்கில் ஒரு சோதனை செய்திருந்தது. ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. ஆகவே தேய்க்கும்போது இரத்தம் வந்தால் நிறுத்தக்கூடாது. இரத்தம் வருகிற இடத்தில்தான் இன்னும் பொறுமையாக வேலை செய்ய வேண்டும். கர்ப்ப காலத்தில் ஈறு சீக்கிரம் வீங்கும், அப்போதும் இதேதான்.

செய்முறை: மென்மையான பிரஷை எடுத்து, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். அழுத்தாமல், சின்னச் சின்னதாக ஆட்டுங்கள். வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் என்று வாய் முழுவதும் சுற்றி வர இரண்டு நிமிடம் ஆகும். கீழ்வாய் முன்பற்களின் உட்பக்கத்தை மறக்காதீர்கள், காரை முதலில் அங்கேதான் கட்டும். ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு முறை கட்டாயம், பகலில் இன்னொரு முறை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ராத்திரியை வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும், பல்லுக்குக் காவல் இல்லாத நேரம் அது.

புளோரைட் சேர்ந்த பற்பசை போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. தேய்த்த பிறகு துப்பிவிட்டு அப்படியே விடுங்கள். கொப்பளித்தால் புளோரைட் கழுவிப் போய்விடும். நுவரெலியாக் குளிரில், மலையிலிருந்து ஓடிவரும் பீலித் தண்ணீரை விடியற்காலையில் வாயில் ஊற்றிப் பல் கூசுகிறவர்களுக்கு இது நல்ல செய்திதான்.

சாம்பல், செங்கல் தூள், அடுப்புக்கரி மூன்றும் பல்லின் எனாமலை உரசித் தேய்க்கும், புளோரைட்டும் அவற்றில் இல்லை. வேப்பங்குச்சி நன்றாக மென்று நாராக்கினால் பிரஷ் இல்லாத நாளுக்கு உதவும்.

காரை ஏற்கெனவே கட்டியிருந்தால் பல் கிளினிக்கில் எடுக்க வேண்டும். 'காரையைச் சுரண்டினால் பல் ஆடும்' என்று வீட்டில் யாராவது தடுப்பார்கள். உண்மையில் பல்லைப் பிடித்திருந்த எலும்பு முன்பே கரைந்திருக்கும், காரை ஒரு சிமெந்து போல அதை மறைத்துக்கொண்டிருக்கும். எடுத்ததும் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அரச ஆஸ்பத்திரிகளில் பல் சிகிச்சை இலவசம். சிக்கலான கேஸ் என்றால் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

படி 3: ஒரு நாளின் இனிப்புகளை எண்ணுங்கள்

ஒரு நாள் முழுக்க ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். காலையில் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகும் முன் ஒரு தேத்தண்ணி. மலையில் பத்து மணிக்கு ஒன்று. பகல் சாப்பாட்டோடு ஒன்று. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து ஒன்று. ராத்திரி அடுப்படியில் ஒன்று. நடுவில் பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட்டில் இரண்டு.

ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் நடப்பது இதுதான். ஸ்ட்ரெப்டோகோக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பக்டீரியா சீனியைத் தின்று அமிலத்தைக் கழிக்கும். அதே சீனியிலிருந்து பசை செய்து பல்லில் ஒட்டிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். சீனி வாய்க்குள் போன சில நிமிடங்களில் பல்லின் மேல் அமிலத்தன்மை ஏறி, அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கும். அங்கே எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சமப்படுத்தி, கரைந்ததைத் திரும்பப் பூச அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்கர் 1940களில் இதை அளந்து வரைந்து காட்டினார். ஆகவே ஒரு கரண்டியா இரண்டு கரண்டியா என்பதைவிட எத்தனை தடவை என்பதே பெரிய கேள்வி. ஏழு கோடு என்றால் எச்சிலுக்கு ஓய்வே கிடையாது.

தேயிலையின் மேல் குற்றம் இல்லை. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைட்டை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும், சீனி போடாத சாயத்தண்ணி பல்லுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. கறை பிடிக்கும், அது வேறு. ஒரேயடியாகச் சீனியை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் கேட்கவில்லை. நடக்கக் கூடியது இது: சாப்பாட்டோடு குடிக்கும் இரண்டு கோப்பையில் சீனி இருக்கட்டும், மலையில் குடிப்பதும் ராத்திரிக் கடைசிக் கோப்பையும் வெறும் சாயமாக இருக்கட்டும். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிக்கிற பழக்கத்தில் சீனி குறைவாகத்தான் செலவாகும். ஆனால் அரை மணி நேரம் நக்கினால் பல்லுக்கு அது அரை மணி நேர விருந்து. சட்டென்று குடித்து முடியுங்கள்.

இன்னொன்று, பக்டீரியாவுக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் கடுஞ்சாயம் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுக்க விடாது. இரத்தச் சோகை உள்ள பெண்கள் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட வேண்டும். அவர்கள் சாப்பாட்டோடு சேர்ந்த அந்த இரண்டு கோப்பையையும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும், அதில் சீனியை மட்டும் குறைத்துக்கொள்ளட்டும்.

படி 4: நாக்கை வழியுங்கள், மவுத்வாஷைத் தள்ளி வையுங்கள்

வாய் நாற்றத்தில் பெரும்பங்கு நாக்கின் பின்பகுதியிலிருந்து வருகிறது. காலையில் நாக்கு வழிப்பானால் பின்னிருந்து முன்னாக இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுத்தால் போதும். நாக்கில் இருப்பவை எல்லாமே வேண்டாத விருந்தாளிகள் என்று நினைத்துவிடக் கூடாது. பீட்ரூட்டிலும் கீரையிலும் உள்ள நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அதை விழுங்கியதும் இரத்தக் குழாயைத் தளர்த்தும் வாயுவாக அது மாறும். கிருமிகொல்லி மவுத்வாஷால் தினமும் கழுவினால் இந்த வேலை நின்றுபோகும். டொக்டர் எழுதித் தந்தால் அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பாவியுங்கள்.

படி 5: வெற்றிலைப் பெட்டி

என் அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாலே வீடு முழுக்க மணக்கும். ஆகவே இதை லேசாக எழுதவில்லை. பாக்கு, புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்திருக்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் பகுதிப் புற்றுநோய்தான். 'வெற்றிலை கிருமியைக் கொல்லும், பல்லுக்கு நல்லது' என்ற பேச்சில், இலையை மட்டும் தனியே எடுத்தால் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் யாரும் இலையை மட்டும் மெல்வதில்லை. சுண்ணாம்பு காரையைக் கூட்டும், பாக்கு கன்னத்தின் உட்தசையை நாராக இறுக்கி வாயைத் திறக்க விடாமல் செய்யும்.

உடனே நிறுத்த முடியாதவர்கள் முதலில் புகையிலையை எடுத்துவிடுங்கள், அப்புறம் பாக்கைக் குறையுங்கள். கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவதை இன்றே விடுங்கள். மாதம் ஒரு தடவை டோர்ச் அடித்துக் கண்ணாடியில் கன்னம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி மூன்றையும் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும், உங்கள் மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் விட முடியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் அது.

படி 6: பீலித் தண்ணீரும் வயிற்று அமிலமும்

நாளொன்றுக்குச் சுமார் ஒரு லீற்றர் எச்சிலை விழுங்குகிறோம், அதோடு கோடிக்கணக்கான வாய்ப் பக்டீரியாக்களையும். பெரும்பாலானவை இரைப்பை அமிலத்தில் செத்துப்போகும். நெருப்புக் காய்ச்சல் கிருமி போன்றவை போதிய எண்ணிக்கையில் தண்ணீரோடு போனால் அந்தக் கதவைத் தாண்டிவிடும். பீலி எவ்வளவு தெளிவாக ஓடினாலும், அதற்கு மேலே லயமும் மலசலகூடமும் மாட்டுத் தொழுவமும் இருந்தால் அது சுத்தமான தண்ணீர் அல்ல.

உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் சுமார் 94 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். அதனால் கிருமி தப்பிவிடுமோ என்று சிலர் கேட்பார்கள். தப்பாது, வயிற்றோட்டக் கிருமிகள் அதற்கு வெகு முன்பே செத்துவிடும். குமிழி பொங்கிக் கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் போதும், 2000 மீற்றருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். கொதிக்க வைத்ததை அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள். கோப்பையை உள்ளே முக்காமல் சரித்து ஊற்றுங்கள். கொதித்த தண்ணீர் மறுபடி கெடுவது பெரும்பாலும் நம் கையால்தான்.

இன்னொரு தோட்டப் பேச்சு 'கேஸ்டிரிக்'. காலைச் சாப்பாட்டை விட்டதால் வந்தது என்று அன்டாசிட்டை மென்றுகொண்டே வருடக் கணக்கில் ஓட்டுவார்கள். இரைப்பை அமிலத்துக்குள்ளேயே வாழத் தெரிந்த ஹெலிகோபெக்டர் பைலோரி என்ற பக்டீரியா இரைப்பைப் புண்ணுக்கு ஒரு முக்கியக் காரணம். அதை யாரும் நம்பாததால் 1984இல் பெரி மார்ஷல் என்ற அவுஸ்திரேலிய டொக்டர் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். வயிற்றெரிவு வாரக் கணக்கில் நீடித்தால் பரிசோதனை கேளுங்கள். சரியான மருந்துக் கோர்வையால் அதை ஒழிக்க முடியும்.

படி 7: பெருங்குடலுக்குச் சோறு போடுங்கள்

சிறுகுடலில் கூட்டம் குறைவு. உண்மையான ஊர் பெருங்குடலில்தான் இருக்கிறது. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்து அங்கே போய்ச் சேரும்போது பக்டீரியா அதை நொதிக்க வைத்து, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பமிலங்களைத் தரும். பெருங்குடல் உட்சுவரின் கலங்கள் தங்கள் சக்தியில் பெரும்பங்கை அந்தப் பியூட்டிரேட்டிலிருந்து எடுக்கின்றன. நார் வராவிட்டால் என்ன ஆகும்? எலிகளில் பார்த்திருக்கிறார்கள்: பசியில் உள்ள பக்டீரியா குடற்சுவரின் மேல் உள்ள சளிப் படலத்தைத் தின்னத் தொடங்கும்.

ஒரு பெரியவருக்கு நாளுக்கு 25 கிராம் நாராவது வேண்டும். வெள்ளைக் கோதுமை மாவில் 100 கிராமுக்கு மூன்று கிராம்கூட இல்லை. காலையும் இரவும் ரொட்டி, நடுவில் வெள்ளைச் சோறு என்றால் கணக்கு எங்கே நிற்கும் என்று பாருங்கள். ரொட்டியை விடச் சொல்லவில்லை, மலைக்குக் கட்டிக்கொண்டு போக அதைவிட வசதியான சாப்பாடு இல்லை. மாவை மாற்றினால் போதும்.

முதல் வாரம், நாலு பங்கு மாவில் ஒரு பங்கு குரக்கன் மா அல்லது ஆட்டா மா சேர்த்து, தேங்காய்ப்பூவைத் தாராளமாகப் போட்டுப் பிசையுங்கள். கொஞ்சம் வெடிக்கும், சுடுதண்ணீரில் பிசைந்தால் சரியாகும். இரண்டாம் வாரம், கடலையோ கௌப்பியோ பயறோ ராத்திரியே ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாரத்தில் மூன்று நாள் அவியுங்கள். மூன்றாம் வாரம் மரக்கறியைக் கூட்டுங்கள். லீக்ஸ், வெங்காயம், வெள்ளைப்பூண்டு மூன்றிலும் பக்டீரியா விரும்பும் ஒருவகை நார் உண்டு. தோட்டம் போடுகிறவர்கள் லீக்ஸின் பச்சைத் தாளையும் பீட்ரூட் இலையையும் வெட்டி எறிவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நன்றாகக் கழுவி, பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டி எடுத்தால் ஒரு வேளைக் கறி. பதுளை, மாத்தளைப் பக்கம் பலாவும் ஈரப்பலாவும் இருக்கவே இருக்கின்றன.

ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்த்தால் வயிறு ஊதும், வாயு பிரியும், வீட்டில் சண்டை வரும். மெல்ல ஏற்றினால் உள்ளே உள்ளவர்களும் புது உணவுக்குப் பழகிக்கொள்வார்கள். தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும்.

ஆறிய சோறும் ஆறிய கிழங்கும் தனிக் கதை. ஆறும்போது மாச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறி நார் போலப் பெருங்குடலுக்குப் போகும். பழஞ்சோற்றுக்கு உள்ள பெயர் அதனால் சும்மா வந்ததல்ல, புளித்த நீரில் இலக்டிக் அமிலப் பக்டீரியாவும் இருக்கும். ஆனால் அரிசியோடு வரும் பெசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்து நஞ்சைக் கக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே மிஞ்சிய சோற்றைப் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, கொதித்தாறிய தண்ணீர் ஊற்றி, குளிர்ந்த மூலையில் வைத்து, காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். வழவழப்போ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

படி 8: குளிரில் மாவு புளிக்கவும் தயிர் உறையவும்

இதில்தான் எனக்குச் சொந்த அனுபவம் அதிகம், தோல்வியும் அதிகம். கொழும்பில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் தோசை மாவு, மார்கழிக் குளிரில் இங்கே மறுநாள் மதியம் வரை கல்லாகக் கிடக்கும். மாவைப் புளிக்க வைப்பதில் முக்கியமானது லியூகோனொஸ்டொக் என்ற பக்டீரியா, அது உளுந்தோடுதான் வருகிறது. அதற்கு 25 முதல் 30 பாகை வரை வெப்பம் வேண்டும். நுவரெலியாவின் சராசரி 16 பாகைதான்.

உளுந்தைப் பலமுறை கழுவித் தேய்க்காதீர்கள், ஊறிய தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்து வைத்து அரைக்கும்போது சேருங்கள். அரைத்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கழுவிய கையாலேயே கலக்குங்கள். பாத்திரத்தை மூடி, சாக்கிலோ பழைய கம்பளியிலோ சுற்றி, அணைந்த அடுப்பின் மேட்டில் வையுங்கள். நெருப்புக்கு மிக அருகே வைத்து ஓரம் வெந்து, நடுவில் பச்சையாகக் கிடந்த மாவை நான் இரண்டு தடவை கொட்டியிருக்கிறேன். கையை வைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும், அவ்வளவே. விறகடுப்பு இல்லாதவர்கள் கொதிநீர் நிரப்பிய போத்தலைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் சேர்த்துச் சுற்றலாம். முதல் நாள் மாவில் ஒரு கரண்டி மிச்சம் வைத்துச் சேர்த்தால் இன்னும் வேகம்.

தோசைக்கல்லில் வெந்தபின் அதில் உயிருள்ள பக்டீரியா இருக்காது. கிடைப்பது அவை ஏற்கெனவே உடைத்து வைத்த மாவு, அதனால் சுலபமான செரிமானம். உயிரோடு வேண்டும் என்றால் தயிர்தான் வழி. பாலைக் கொதிக்க வைத்து, விரலை விட்டால் சுடாமல் நல்ல சூடாகத் தெரிகிற பதத்துக்கு, ஏறக்குறைய 43 பாகைக்கு, ஆறவிடுங்கள். ஒரு கரண்டி நல்ல தயிரை உறை விட்டு, அதே கம்பளிக்குள் ஆறேழு மணி நேரம் அசையாமல் வையுங்கள். பால்மாவைக் கரைத்தாலும் உறையும். சீனி போட்டு விற்கிற யோகட்டைவிட, சட்டியில் விற்கிற எருமைத் தயிரோ வீட்டுத் தயிரோ மேல் என்பது என் அபிப்பிராயம். அதன் மேல் கித்துள் பாணியை ஊற்றுகிறவர்கள் படி 3ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: அன்டிபயோட்டிக் கெப்சூல்

பக்கத்துக் காம்பராவில் மிஞ்சிய நாலு கெப்சூலை வாங்கிப் போட்டுக்கொள்வது நம்மிடையே சாதாரணம். தடிமன், சாதாரணக் காய்ச்சல், பெரும்பாலான தொண்டை நோவு எல்லாம் வைரஸால் வருபவை, அந்தக் கெப்சூல் அவற்றைத் தொடவே தொடாது. அது தொடுவது குடலில் உள்ளவர்களைத்தான். பலபேருக்கு உடனே வயிற்றோட்டம் வரும். கலைந்த கூட்டம் மறுபடி சேர வாரங்கள், சில வேளை மாதங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் மருந்துக்குத் தப்பிய கிருமிகள் இடம்பிடித்துவிடும். ஆகவே டொக்டர் எழுதாமல் வேண்டாம், எழுதினால் சொன்னபடி, சொன்ன நாள் வரை. மிஞ்சினால் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

படி 10: பிள்ளைகள்

பிள்ளை பிறக்கும் வழியிலேயே தாயிடமிருந்து முதல் பக்டீரியாவை வாங்கிக்கொள்கிறது. தாய்ப்பாலில் பிள்ளையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரைகள் ஏராளம், அவை பிள்ளையின் குடலில் உள்ள பிஃபிடோபக்டீரியத்துக்காகவே வைத்த சாப்பாடு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று மிட்வைஃப் சொல்வதன் பின்னால் இதுவும் இருக்கிறது. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேனோ சீனித் தண்ணீரோ தொட்டு வைக்கிற சேனை வழக்கம் சில வீடுகளில் உண்டு. பெரியவர்களின் மனம் நோகாமல், பிள்ளையின் நெற்றியைத் தொட்டு ஆசீர்வதிக்கச் சொல்லுங்கள். தேன் மட்டும் ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்து பிஞ்சுக் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்க வைக்கும்.

சொத்தையை உண்டாக்கும் மியூட்டன்ஸ், பல் முளைக்கும் காலத்தில் பெரும்பாலும் வளர்ப்பவரின் எச்சில் வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. அம்மாவின் சொத்தையை அடைப்பது பிள்ளைக்கும் வைத்தியம்தான். போத்தலில் சீனித் தேத்தண்ணியையோ இனிப்புப் பாலையோ ஊற்றி வாயில் வைத்துத் தூங்க வைப்பதைப் போல மேல்வாய் முன்பல்லை அழிக்கிற வேலை வேறில்லை. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளையை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவிலும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். முதல் பல் முளைத்ததும் அரிசி மணியளவு பற்பசை, மூன்று வயதிலிருந்து பட்டாணியளவு. ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூட நின்று தேய்த்துவிட வேண்டும்.

வயிற்றோட்டம் வந்தால் ஒரு பக்கற் ஜீவனி உப்புத் தூளைக் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாதிப் பக்கற், பாதித் தண்ணீர் என்று பிரிக்காதீர்கள், அளவு பிசகும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்துவது?

கண் குழிவிழுந்து, அழுதாலும் கண்ணீர் வராத பிள்ளை, மலத்தில் இரத்தம், இரண்டு மூன்று நாளுக்கு மேல் இறங்காத காய்ச்சல், காரணமில்லாமல் குறையும் எடை, ஆடத் தொடங்கிய பல், கன்னம் வீங்கி வாய் திறக்க முடியாத பல்வலி. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும், சம்பளம் வரட்டும் என்று பார்க்காதீர்கள். அவசரத்துக்கு 1990 என்ற எண்ணில் இலவச அம்புலன்ஸ் வரும். தோட்டப் பெயரோடு டிவிஷன் பெயரையும் சொல்லி, வண்டி ஏற முடியாத பாதை என்றால் எந்தச் சந்திக்கு நோயாளியைக் கொண்டு வருகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். போகும்போது கடைசி ஒரு மாதத்தில் விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளை, காலியானாலும், ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வையுங்கள்.